குழிக்குள் இறங்காதவள்

முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கடற்கரை மணலில் தோண்டிய ஒரு குழிக்குள் நிற்கிறேன். குழியின் அடியில் ஓர் அண்டா அளவுக்குத் தண்ணீர். ஒரு கால் தண்ணீருக்குள், ஒரு கால் சரிவில். கையில் பிளாஸ்டிக் பாட்டில். மாரியூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறது.

"ஏ இஞ்சினியரு! தண்ணியக் கலக்காத தாயி! ஒனக்கு ஒரு பாட்டிலு, எனக்கு மூணு கொடம்!"

மேலே நின்று சத்தம் போட்டவர் பூமயில் அக்கா. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாயைத் திறந்தார் என்றால் எதிரில் நிற்பவர் சிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஓட வேண்டும். அவருக்குப் பின்னால் குடங்களோடு இன்னும் நாலைந்து பெண்கள்.

"சேறு அஞ்சு நிமிஷத்துல அடங்கிரும்க்கா" என்றேன், பெரிய மேதாவி போல.

"சேறாம்ல! இவளுக்குச் சேறு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுது" என்று அக்கா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன்.

தெரிய இரண்டரை வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு பெண்ணின் படிப்பையே கவிழ்க்கப் பார்த்தேன்.

நான் முன்பு எழுதிய, கல்லூரியில் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் செய்த முதல் ஆராய்ச்சி எது? அதில் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்விதான் அம்மா. ஆனால் பதில் எனக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி இல்லை. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நாக்குல வச்சாத் தெரியாதா?

அப்போது நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் மாணவர்களும் ஆராய்ச்சி செய்யலாம் என்று எங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு திட்டம் வந்தது. பேர் கொடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. விடுமுறையில் வேலை செய்ய யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? எனக்குப் பிடித்திருந்தது.

முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவுக்கு மிளகாய்க் கொல்லையும் கொஞ்சம் மானாவாரி நெல்லும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்.

"ஆராய்ச்சின்னா என்னாத்தா செய்யணும்?"

"கடக்கரைப் பக்கம் மணல்ல ஊத்துத் தோண்டி வச்சிருக்காகள்லய்யா, அந்தத் தண்ணியில உப்பு எம்புட்டு இருக்குன்னு அளக்கணும்."

"நாக்குல வச்சாத் தெரியாதா?"

"எம்புட்டுன்னு தெரியாதுல்ல."

"எம்புட்டுன்னு தெரிஞ்சு?"

அப்படிக் கேட்டாரே தவிர, மறுநாள் அவரே வண்டியில் வைத்துப் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டார்.

கல்லூரியில் கொடுத்த மீட்டர் தடித்த பேனா அளவுதான் இருக்கும். முனையைத் தண்ணீரில் விட்டால் ஓர் எண் காட்டும். எண் ஏற ஏற உப்பு அதிகம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது கைக்கு வந்த முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கண்ணில் பட்டதிலெல்லாம் அதை விட்டுப் பார்த்தேன். மழைத்தண்ணீர் பிடித்து வைத்த டிரம், ஆட்டுத் தொட்டி, அய்யா குடிக்க வைத்திருந்த பழையசோற்று நீச்சத்தண்ணீர், மோர். மழைத்தண்ணீரில் எண் எழும்பவே இல்லை. ரசத்தில் விட்டதும் மீட்டர் பதறிப்போய் எண்ணே காட்டாமல் கோடு போட்டது.

"ஏ பாண்டி, சோத்துப் பானைப் பக்கம் வந்தேன்னா கையை ஒடிச்சுப்புடுவேன்" என்று அம்மா அகப்பையை ஓங்கினார்.

இப்போது நான் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில்தான் இருக்கிறேன். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகளைத் தொடுகிறேன். அந்தப் பேனா மீட்டர் தந்த கிறுக்கை அவை எதுவும் தரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு நாள்

எங்களுக்கு வழிகாட்டி தங்கராசு சார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுப்பார். "உன் கையால எடு, உன் கண்ணால பாரு, அடுத்தவங்க எடுத்துக் கொடுத்ததை நம்பாதே" என்பது அவர் மந்திரம். எனக்கு அது வேதவாக்கு.

திட்டத்தில் என்னோடு சேர்ந்த இன்னொருத்தி ரிஸ்வானா. கீழக்கரைக்காரி, என் வகுப்புதான். வாப்பா துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். வீட்டில் உம்மாவும் செல்போன் கடை வைத்திருந்த அண்ணனும். அண்ணனை அங்கே காக்கா என்று கூப்பிடுவார்கள். படித்தது போதும் என்பது காக்காவின் கட்சி. மேலே படிக்க வேண்டும் என்பது ரிஸ்வானாவின் கட்சி. உம்மா நடுவில் நின்று ஒரு முடிவுக்குக் கொண்டு வந்திருந்தார். இந்தக் கோடை ஆராய்ச்சிக்குப் போகட்டும். நல்ல பேரோடு முடித்தால் மேல்படிப்பைப் பற்றிப் பேசலாம். ஒரு சொல் கெட்டதாகக் காதில் விழுந்தால் அத்தோடு சரி.

இதையெல்லாம் ரிஸ்வானாவே என்னிடம் பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

இருந்தது ஒரே ஒரு மீட்டர். ஆகவே ஆளுக்கொரு நாள் போக வேண்டும் என்று சார் பிரித்துக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன், சனி ரிஸ்வானா. மூன்று ஊத்து, அதே நேரம், அதே மீட்டர். இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்தால் ஒருவர் தப்பை இன்னொருவர் எண்கள் காட்டிக்கொடுக்கும் என்பது சாரின் கணக்கு. கணக்கு சரிதான். யார் தப்பு என்பதில்தான் இடித்தது.

அந்த ஊத்துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கடல். அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் குமட்டும். இந்தப் பக்கம் மணல்மேட்டுக்குப் பின்னால், ரெண்டு பனை தாண்டி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தோண்டினால் இளநீர் போலத் தண்ணீர் ஊறுகிறது. பெண்கள் காய்ந்த சரிவில் குந்திக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் பிடிக்கும். 'ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார்கள், ஒரு வாளியை இறக்கினால் ஆகாதா' என்று முதல் நாளே நினைத்தேன். அந்தக் கேள்வியை நினைத்ததோடு விட்டேன், வாய் திறந்து கேட்கவில்லை.

நான்கு இலக்கம், மூன்று இலக்கம்

இரண்டாம் வாரக் கடைசியில் இருவர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சாருக்கு முகம் மாறிவிட்டது.

என் எண்கள் எல்லாம் நான்கு இலக்கம். குடிக்க லாயக்கில்லாத உப்பு. ரிஸ்வானாவின் எண்கள் எல்லாம் மூன்று இலக்கம். நல்ல குடிநீர். ஒரே ஊத்து, ஒரு நாள் இடைவெளி.

சார் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். சோதனைத் திரவத்தில் விட்டுப் பார்த்தார், மீட்டர் சரியாக இருந்தது. கடல் ஏற்ற இறக்கமோ என்று பார்த்தோம், அதுவும் ஒத்துவரவில்லை. திங்கள் உப்பு, செவ்வாய் இனிப்பு, புதன் உப்பு. கடல் எங்கள் டைம்டேபிள் பார்த்தா ஏறி இறங்கும்?

எனக்கு மண்டை குடைந்தது. கெட்ட நேரம், அந்தக் குடைச்சல் தண்ணீரை விட்டுவிட்டு ரிஸ்வானா மேல் போய் நின்றது. அவள் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில்கூட ஈரக்கறை இல்லை. என் நோட்டை உதறினால் மணல் கொட்டும். அவளுடையது கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பூமயில் அக்காவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அக்கா, அந்தக் கீழக்கரைப் புள்ள குழிக்குள்ள எறங்கித்தான தண்ணி எடுக்குது?"

"அதுவா? ஒருநாளும் எறங்குனதில்ல."

அவ்வளவு போதும் எனக்கு. பிடித்த முயலுக்கு மூன்றே கால். 'இவள் மேலே நிழலில் உட்கார்ந்துகொண்டு மனம்போல எண்களை எழுதியிருக்கிறாள்' என்று முடிவு கட்டினேன். வெயிலில் கருகி, காலில் சேறு ஒட்டி உழைத்த எனக்கு எப்படி இருக்கும்? மூக்குக்கு மேல் கோபம். அக்கா சொன்னதற்கு மேல் ஒரே ஒரு கேள்வி, 'பிறகு எப்படிக்கா எடுக்குது' என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அன்று சாயங்காலமே சாரிடம் போய், "ரிஸ்வானா தண்ணியே எடுக்கல சார், எண்களச் சும்மா எழுதுறா" என்று சொல்லிவிட்டேன்.

சார் அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"குழிக்குள்ள இறங்கி, உன் கையால தண்ணி எடுத்தியா?"

"இல்ல சார். ஆனா…"

"இறங்கலையா?"

"இல்ல சார்."

"ஒரு நாள்கூட?"

"இல்ல சார்" என்று மூன்றாம் முறையும் சொன்னாள். பொய் சொல்கிறவள் யாராவது இப்படிச் சொல்வாளா என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அவள் சொன்ன அந்த 'ஆனா' எனக்கும் காதில் விழுந்தது, சாருக்கும் விழுந்தது. இரண்டு பேரும் அதை விட்டுவிட்டோம்.

சார் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது காக்கா. மறுநாளிலிருந்து ரிஸ்வானா வரவில்லை. என் போன் எண்ணைத் தடுத்தும் வைத்துவிட்டாள்.

என் கை செய்த வேலை

இப்போது ஆறு நாளும் நானே போக வேண்டும். வியாழக்கிழமை, ரிஸ்வானாவின் முறையில், நான் போய் நின்றேன்.

"அந்தப் புள்ள எங்க?" என்றார் பூமயில் அக்கா.

"வரலக்கா" என்று மழுப்பினேன்.

"நல்ல புள்ள. வந்தவுடனே, 'அக்கா நீங்க மோந்து குடுங்க'ன்னு பாட்டில நீட்டும். ஒன்ன மாதிரிப் பன்னி எறங்குன கணக்கா எறங்காது. இந்தா, ஒனக்கும் நானே மோந்து தாரேன், தண்ணியக் கலக்காம இருந்தாச் சரி."

கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். சரிவில் குந்தினார். சிரட்டையைத் தண்ணீர் மேல் சாய்த்து, பாலில் ஆடை எடுப்பது போல மேலாக வழித்து வழித்து ஊற்றினார். எனக்கு எரிச்சல். சாரின் விதிப்படி இது செல்லாத தண்ணீர். சரி, அக்கா மனம் கோணக்கூடாது என்று வாங்கி, மீட்டரை விட்டேன்.

மூன்று இலக்கம்.

மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். மூன்று இலக்கம். ரிஸ்வானாவின் நோட்டில் இருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

குழிக்குள் இறங்கி, என் வழக்கப்படி நானே ஒரு பாட்டில் எடுத்தேன். நான்கு இலக்கம். ஒரே குழி, ஒரே மீட்டர், நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை.

இன்னொரு பாட்டில் எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன். பாட்டிலின் அடிப்பாகத்தால் தண்ணீரின் மேல் இரண்டு தட்டு. இப்படியும் அப்படியுமாக ஒரு விலக்கு. அதன் பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, கை முழங்கை வரை போக ஒரே முக்கு.

எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் தண்ணீர் எடுப்போம். ஊருணிதான் எங்களுக்குக் குடிதண்ணீர். மேலே பாசி, தூசி, கருவேலம் பூ, எறும்பு என்று எல்லாம் மிதக்கும். குடத்தின் அடியால் தட்டி விலக்கிவிட்டு, ஆழத்தில் முக்கி எடுக்க வேண்டும். குடம் தூக்கத் தெம்பு வந்த வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த முதல் வேலை அது. "மேத்தண்ணிய ஒதுக்கிட்டு மொள்ளு" என்று ஊருணிக் கரையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்வதைக் கேட்கலாம். கலங்காத தண்ணீர் கீழேதான் என்பது எங்கள் ஊரில் சந்தேகத்துக்கு இடமில்லாத சங்கதி. என் கைக்கு அது மனப்பாடம். நான் சொல்லாமலே அது செய்யும்.

ஊருணியில் அது புத்திசாலித்தனம். கடற்கரையிலோ நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக மிதக்கிறது, கனத்த உப்புத்தண்ணீர் அடியில் கிடக்கிறது. நான் மெனக்கெட்டு நல்ல தண்ணீரைத் தட்டி ஒதுக்கிவிட்டு, கீழே போய் உப்பை அள்ளி வந்திருக்கிறேன். அதுவும் இரண்டரை வாரமாக! காலை வேறு உள்ளே விட்டுக் கலக்கி, அந்தப் பெண்கள் குடிக்கிற தண்ணீரையும் கெடுத்துக்கொண்டு. பூமயில் அக்கா கலக்காதே கலக்காதே என்று கத்தியது சேற்றுக்காக இல்லை.

"அக்கா! கீழ உப்பு, மேல நல்ல தண்ணியா?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சூரியன் கெழக்க உதிக்குதான்னு கேக்குற மாதிரி இருக்கு. பின்ன எதுக்குச் செரட்டைய வச்சுக்கிட்டு இம்புட்டு நேரம் குந்தியிருக்கோம்? இடுப்பு வலிக்கணும்னு வேண்டுதலா?"

விரற்கடை விரற்கடையாக

அந்த நிமிடம் எனக்கு வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் வந்தது ஆசை. 'மேலே நல்லது, கீழே உப்பு. சரி, எந்த இடத்தில் மாறுகிறது? சட்டென்று மாறுமா, கொஞ்சம் கொஞ்சமாகவா?' வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். மிளகாய்க் கொல்லைக்குச் சொட்டுநீர் போட்டதில் மிஞ்சிய மெல்லிய குழாய் ஒரு துண்டு கிடந்தது. மருந்துக் கடையில் ஊசியில்லாத புதுச் சிரிஞ்சு ஒன்று வாங்கினேன். குழாயை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி, குச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு, அதாவது விரற்கடைக்கு, ஒரு கோடு போட்டு, எல்லாவற்றையும் வெந்நீரில் அலசினேன். என்ன செய்கிறேன் என்று அய்யா பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னதும், "அப்ப ரெண்டு தண்ணியும் ஒரே குழிக்குள்ள ஒட்டாமயா கெடக்கு?" என்று கேட்டார். ஆராய்ச்சி தொடங்கிய பிறகு அவர் ஆவலாகக் கேட்ட முதல் கேள்வி அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தண்ணீர் நன்றாக அடங்கும் வரை பெண்களோடு நானும் சரிவில் குந்திக் காத்திருந்தேன். குச்சியை மெதுவாக இறக்கினேன். ஒரு விரற்கடை, உறிஞ்சு, அள. இரண்டாவது விரற்கடை, உறிஞ்சு, அள. முதல் நான்கும் மூன்று இலக்கத்திலேயே இருந்தன. ஐந்தாவதில் எண் ஒரு துள்ளுத் துள்ளியது. ஆறாவதில் நான்கு இலக்கம்.

"வந்திருச்சுக்கா!" என்று கத்தினேன். குடங்களை வைத்துவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மீட்டர் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. பூமயில் அக்கா தன் குடத்தில் ஒரு தடவை விட்டுப் பார்த்தார், கடல் தண்ணீரில் ஒரு தடவை விட்டுப் பார்த்தார். கடலில் மீட்டர் கோடு போட்டதும், "மெசினுக்கே வாந்தி வந்திருச்சு" என்றார்.

இத்தனை கூத்துக்கு நடுவில் ஒரு முழு நாள் எனக்கு ரிஸ்வானாவின் நினைப்பே வரவில்லை. இதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

மீட்டரைத் திருப்பிக் கொடுத்தபடி அக்கா சொன்னார்: "அந்தப் புள்ளயும் இருந்திருந்தா ஆசையாப் பாத்திருக்கும். தெனமும் எங்கிட்டக் கேக்கும், 'அக்கா, கொஞ்சம் கீழ மோந்தா என்னக்கா ஆகும்'னு."

எனக்கு வியாழக்கிழமை வந்த கேள்வி அவளுக்கு இரண்டு வாரம் முன்பே வந்திருக்கிறது. அவளைத்தான் நான் பொய்க்காரி என்றேன்.

அங்கிருந்தே சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ 'ஆனா'ன்னு ஆரம்பிச்சா" என்றார் அவர். "நான்தான் பேச விடல. நான் வீட்டுக்குப் போன் பண்றேன்."

பண்ணினார். காக்கா எடுக்கவில்லை. மறுபடி பண்ணினார், எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை நான் கீழக்கரை பஸ் ஏறினேன்.

கீழக்கரை வீடு

சாயல்குடியில் மாறி ஏர்வாடி வழியாகப் போகிற பஸ். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அந்த வீட்டு வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

கதவைத் திறந்தது உம்மா. நான் யார் என்று அவருக்குத் தெரிந்தது. முகம் இறுகியது. ஆனாலும், "வெயில்ல நிக்காதிய, உள்ள வாங்க" என்றார். உட்கார வைத்து ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிளாஸைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தேன்.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காக்கா நின்றார். "எந்தங்கச்சி பொய் எழுதுனான்னு ஒங்க சாரு சொன்னாரு. அல்லாவுக்குப் பயந்து வாழுற குடும்பம் இது. இன்னும் என்ன பேச வந்திருக்கிய?"

"ரிஸ்வானா பொய் எழுதல காக்கா. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

ஒரே மூச்சில் சொன்னேன். ஊத்து, மேல் தண்ணீர், கீழ்த் தண்ணீர், என் கையின் பழக்கம், குழிக்குள் இறங்கவில்லை என்றதும் நானாக முடிவு கட்டியது, எல்லாம். பாதியில் அழுகை வந்துவிட்டது.

உம்மா கேட்டார்: "நீ யாருகிட்ட சொன்ன?"

"சார்கிட்ட மட்டுந்தான் உம்மா."

"நீ சாருகிட்ட சொன்ன. சாரு இவன்கிட்ட சொன்னாரு. இவன் எங்கிட்ட சொன்னான். நான் துபாய்க்குச் சொன்னேன். அவ வாப்பா மூணு நாளா எம்புள்ளகூடப் பேசல. இப்ப எங்க மூணு பேருக்கு மட்டும் சொன்னா ஆச்சா?"

செல்போனை எடுத்து வீடியோ அழைப்புப் போட்டார். திரையில் ஒரு மனிதர், தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள். உம்மா போனை என் கையில் கொடுத்தார்.

"இத அவருகிட்டயும் சொல்லு."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை அழவில்லை. யாரோ அரபியில் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப எம்புள்ள எழுதுன அளவு?"

"அத்தனையும் சரி வாப்பா."

"இத ஒங்க சாரு எழுத்துல குடுப்பாரா?"

"திங்கக்கெழம சாரே நேர்ல கொண்டு வாராராம் வாப்பா. காக்காகிட்ட சொல்லத்தான் நேத்துலருந்து போன் பண்ணுறாரு."

அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். உள்வாசல் நிலைப்படியில் ரிஸ்வானா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் வாப்பா குரல் மட்டும் கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. பிறகு அவள் விம்முவது கேட்டது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காக்கா கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "திங்கக்கெழம இவளுக்கு மாரியூர் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கிளம்பும்போது ரிஸ்வானா தெருமுனை வரை வந்தாள். நான்தான் முதலில் கேட்டேன்.

"நீ ஏன்டி குழிக்குள்ள எறங்கல? அத மட்டும் சொல்லியிருந்தீன்னா…"

"அவுக குடிக்கிற தண்ணி. அதுல போயி எப்படிக் கால வைக்கிறது? கேட்டு வாங்குனேன்." சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அவுககிட்ட நான் கேட்டேன்ல பாண்டி. நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

பஸ் வருகிற சத்தம் கேட்டது. பையிலிருந்து என் நோட்டை எடுத்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். கொடுக்க வேறொன்றும் என்னிடம் இல்லை. ஐந்தாவது விரற்கடையில் எண் துள்ளிய இடத்தில் அவள் விரல் நின்றது. மேலும் கீழும் இரண்டு முறை படித்தாள்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல அளக்கலயா?"

"அளக்கல."

"அங்கனதான மாறுது? அத விட்டுட்டியே."

பஸ் வந்து நின்றது. நோட்டை அவள் திருப்பித் தரவில்லை.

"திங்கக்கெழம வாரேன்" என்றாள். "ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எந்த எடத்துல மாறுதுன்னு எனக்குத் தெரியணும், அதுக்குத்தான் வாரேன்."